ஹாமர்ஸ்மித் போலந்து மையம்: 2004 அல்ல, 1964

லண்டன் ஹாமர்ஸ்மித்தில் உள்ள போலந்து கலாசார மையம், 2004க்குப் பிறகு வேலை தேடி வந்தவர்களுக்காக பிரிட்டிஷ் அரசு கட்டிக்கொடுத்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

இந்த மையத்தை நடத்தும் 'போஸ்க்' என்ற போலந்து சமூக, கலாசாரச் சங்கம் 1964இலேயே தொடங்கப்பட்டது. முன்னின்றவர் பொறியியல் பேராசிரியர் ரோமான் வைதா. கிங் தெருவில் உள்ள மையத்தின் கட்டடம் 1974இல் திறக்கப்பட்டது. போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு! பணமும் அரசுடையது அல்ல. புலம்பெயர்ந்தவர்கள் கொடுத்த நன்கொடையும் சந்தாவும்தான். அவர்களில் பலர் இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் பக்கம் போரிட்டுவிட்டு, கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் போன ஊருக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கியவர்கள். ஊர் இழந்தவர்கள் கைக்காசைப் போட்டு நாடக அரங்கும் நூலகமும் எழுப்பியதை அரசின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

நூலகம் இன்னும் பழையது, போர் நடக்கும்போதே 1942இல் தொடங்கியது. போலந்து வம்சாவளி ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் தொடர்பான சேகரிப்பு அங்கே இருக்கிறது.

அப்புறம், 2016 ஜூன் மாதம், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது பற்றிய பிரெக்சிட் வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களில், இதன் முகப்பில் யாரோ வசைச்சொல் எழுதிவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்தார் பூங்கொத்துகளும் வாழ்த்து அட்டைகளும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.