எண்ணுங்க சார், எண்ணுங்க

காலையில்தான் ஒருத்தர் வந்து லைஃப் ஜாக்கெட்டை எண்ணிவிட்டுப் போனார். மத்தியானம் அதே ஏரி, அதே படகு, அதே ஆட்கள், மறுபடியும் பின்னால் ரோந்துப் படகின் நீல விளக்கு. "பாதுகாப்புச் சோதனை. லைஃப் ஜாக்கெட் எல்லாம் எடுத்துக் காட்டுங்க." காலையிலேயே காட்டியாச்சே ஐயா என்றால், "அது வேற ஆபீஸர்" என்கிறார். ஏன், ஆபீஸர் மாறினால் எண்ணிக்கையும் மாறுமா?

அமெரிக்காவில் ஏரியில் பான்டூன் படகு, அதாவது மிதவைக் குழாய்கள் மேல் தட்டையாகத் தளம் போட்ட படகு, வைத்திருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் எனக்குக் கொட்டித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அவர் வந்த அழகு. நாங்கள் நின்றது அலை எழுப்பக்கூடாத பகுதி. மிதவையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. நான் நத்தை வேகத்தில் ஊர்ந்து வந்து எஞ்சினை அணைத்திருக்கிறேன். இவர் சட்டத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் நுரை தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார். அவர் கிளப்பிய அலையில் எங்கள் படகு ஆடிய ஆட்டத்தில் குளிர்பெட்டி நகர்ந்து என் கால் கட்டை விரலில் வந்து உட்கார்ந்தது. "எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?" என்று கேட்டார். நீங்கள் வரும்வரை இருந்தோம்.

சரி, லைஃப் ஜாக்கெட். பான்டூனில் அதெல்லாம் இருக்கைக்கு அடியில் இருக்கும். எடுக்க வேண்டுமென்றால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழ வேண்டும், மெத்தையைத் தூக்க வேண்டும், அதன் மேலிருக்கும் துண்டு, செருப்பு, சார்ஜர், ஈர உடை எல்லாவற்றையும் இன்னொருவர் மடிக்கு மாற்ற வேண்டும். மாற்றினோம். ஆளுக்கொன்று தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒவ்வொன்றாக ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றின் பட்டையை இழுத்துப் பார்த்தார். இன்னொன்றில் அங்கீகார முத்திரை மங்கலாக இருக்கிறதாம், அதைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினால் தெரியும் சார் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அடுத்தது, எறிகிற மிதவை. படகு 16 அடியோ அதற்கு மேலோ இருந்தால், தண்ணீரில் விழுந்தவரை நோக்கி வீசுவதற்கு ஒரு மிதவை கூடுதலாக வேண்டும். எங்களுடையது சதுர மெத்தை வகை. அது எங்கே என்றார். அத்தை அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அதை உட்காரவும் பயன்படுத்தலாம் என்றுதானே இருபுறமும் கைப்பிடி வைத்து மெத்தை மாதிரி தைத்திருக்கிறான்? ஆபீஸருக்கு அது பிடிக்கவில்லை. "உடனே கைக்கு எட்ட வேண்டும்" என்பது விதி. "இப்போது ஒருத்தர் விழுந்தால் இந்த அம்மா எழுந்து கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று என்னைக் கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தைக்கு விஷயம் புரியாமலில்லை. "மாப்பிள்ளை, விழுகிறது யாருன்னு பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லுங்க" என்றார். மொழிபெயர்க்கவில்லை. "உடனே எழுந்துவிடுவார்" என்று மட்டும் சொன்னேன். அப்படியா, எழச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். முழங்கால் வலிக்காரப் பெண்மணி, ஆடுகிற படகில், கொளுத்துகிற வெயிலில் எழுந்து நின்று காட்டினார். எழுந்தது மட்டுமல்ல, மெத்தையைக் கையில் எடுத்து அவர் பக்கமாக ஓங்கியும் காட்டினார். தேர்ச்சி.

அப்புறம் தீயணைப்பான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற வகைக்குத் தயாரித்த ஆண்டிலிருந்து 12 வருடம்தான் ஆயுள் என்று 2022 ஏப்ரலில் விதி வந்துவிட்டது. நல்லது. அந்த ஆண்டை எங்கே போடுகிறார்கள் தெரியுமா? பாட்டிலின் அடியில். அதுவும் அச்சிடாமல், பொறித்து. சிவப்புக் குண்டானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அது 18ஆ 10ஆ என்று பட்டிமன்றம். நான் 18 என்கிறேன், அவர் விரலால் தடவிப் பார்க்கிறார். கடைசியில் என் மகன் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். 18. அப்படியென்றால் 2030 வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறப்பார்கள், தெரியும்.

அதோடு முடிந்ததா? "விளக்கைப் போடுங்கள்." உச்சி வெயிலில். சிவப்பும் பச்சையும் எரிகிறதா என்று தெரிய, முன்பக்கம் குனிந்து இரண்டு கையையும் குவித்து இருட்டு உண்டாக்கிக் காட்டினேன். "ஹாரன் அடியுங்கள்." அடித்தேன். ஏரியில் இருந்த அத்தனை பேரும் திரும்பி, நாங்கள் என்னவோ கடத்திக்கொண்டு வந்து மாட்டியவர்கள் போல வேடிக்கை பார்த்தார்கள். பதிவு எண்ணின் உயரம் குறைந்தது மூன்று அங்குலம் இருக்க வேண்டுமே, அதற்கு டேப்பை எடுத்து அளந்தார். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்தார். எங்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது ஐம்பது அடி தள்ளி ஒரு ஜெட் ஸ்கீக்காரன், நீந்துகிற பிள்ளைகளைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். கை நீட்டிக் காட்டினேன். ஆபீஸர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எஞ்சின் அணைப்புக் கயிறு இருக்கிறதா?" என்று என்னைக் கேட்டார். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கயிறு அது. அவனைத் துரத்தினால் பெட்ரோல் செலவு. நாங்கள் நின்ற இடத்திலேயே கிடைக்கிறோம்.

நான் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. சீசன் தொடங்கும்போதே கடலோரக் காவல்படையின் துணைப்படைத் தொண்டர்களை வரச்சொல்லி, படகை முழுக்கச் சோதித்து, அவர்கள் இலவசமாகத் தருகிற ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருக்கிறேன். அதைக் காட்டினேன். "ரொம்ப நல்ல விஷயம்" என்று பாராட்டிவிட்டுத்தான் லைஃப் ஜாக்கெட்டை எடுக்கச் சொன்னார். ஸ்டிக்கர் இருந்தாலும் சோதனையிலிருந்து விலக்கு கிடையாதாம். பின்னே அது எதற்கு, அழகுக்கா?

காரை இப்படி நிறுத்திவிட முடியுமா? காரணமே இல்லாமல் ஒரு காரை நிறுத்தி லைசென்ஸ் பார்ப்பது செல்லாது என்று 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாலே வருடம் கழித்து, 1983-இல், படகு என்று வந்ததும் அதே நீதிமன்றத்துக்கு மனசு மாறிவிட்டது. கடலுக்கு வழியுள்ள நீரில் சந்தேகமே இல்லாவிட்டாலும் ஏறி ஆவணம் பார்க்கலாமாம். எங்கள் ஏரியிலிருந்து கடலுக்குப் போக ஒரே வழி, படகை டிரெய்லரில் ஏற்றி நாள் முழுக்க ஓட்டுவதுதான். ஏரிகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் ஒரு நியாயம். ஃப்ளோரிடாவில் 2025-இல் சட்டமே போட்டுவிட்டார்கள், பாதுகாப்புச் சோதனை என்று மட்டும் சொல்லிப் படகை நிறுத்தக் கூடாது என்று. ஒஹாயோவில் அதற்கும் முன்பே. எங்கள் மாநிலத்து ஆட்களுக்கு வேறு வேலை இருக்கிறது போல.

லைஃப் ஜாக்கெட் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, யாரும் கிளம்பி வராதீர்கள். படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அதைப் போடாதவர்கள் என்று கடலோரக் காவல்படையின் அறிக்கை வருடா வருடம் சொல்கிறது. போடாதவர்கள்! ஆனால் என்னை மாதிரிப் பெரியவர்களிடம் விதி கேட்பது படகில் இருக்கிறதா என்றுதான், உடம்பில் இருக்கிறதா என்றல்ல. அவர் எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் பழையபடி இருக்கைக்கு அடியில் திணித்து, மேலே மெத்தையைப் போட்டு, அதன் மேல் நாங்கள் உட்கார்ந்தோம். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"எல்லாம் சரியாக இருக்கிறது. நல்லா என்ஜாய் பண்ணுங்க." அதற்குள் ஐஸ் உருகி, சின்னவள் தூங்கி, காற்று எங்களை நாணல் புதருக்குள் தள்ளியிருந்தது. அத்தை மட்டும் ஆபீஸருக்குக் கையசைத்தார். "பாவம், வெயில்ல அலையுறான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

போதும் என்று கரைக்குத் திரும்பினால், படகை ஏற்றி இறக்குகிற சரிவான ராம்ப்பில் ஒரு மகானுபாவர். பட்டைகளைக் கழற்றி, சாமான்களை ஏற்றித் தயாராவதற்கென்றே மேலே அகலமாக இடம் விட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி வந்து, வண்டியைச் சரிவின் நட்டநடுவில் நிறுத்திவிட்டு, பின்னால் அத்தனை படகுகள் காத்துக்கிடக்க, படகின் அடித்துளை அடைப்பானை எங்கே வைத்தாய் என்று வீட்டுக்கு போன் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்.