கற்குவைக்குள் தங்கம் இல்லை

கிறவல் ஏற்ற வரும் பெக்கோவுக்கும், இரவில் ஸ்கானரோடு வரும் புதையல்காரருக்கும் வன்னியில் ஒரே மேட்டில்தான் கண். குளத்தை அண்டிய, வெள்ளம் ஏறாத மேடு. இரும்புக்கால மனிதரும் பெரும்பாலும் அப்படியான இடத்தில்தான் இறந்தவரை அடக்கினார்கள்.

காடு வெட்டித் தள்ளிய கல்லையும், அடக்கத்தின்மேல் குவித்த பழைய கற்குவையையும் பிரித்தறியலாம். டோசர் தள்ளியதில் வேரும் மண்ணும் கலந்திருக்கும், கல்லில் புதுக் கீறல் தெரியும். பழையதில் வெளிவட்டக் கற்கள் மண்ணுக்குள் இறங்கி, மேல்முகத்தில் மட்டும் கற்பாசி படிந்திருக்கும். பக்கத்தில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடு கிடந்தால் சந்தேகம் வலுக்கும். வாயைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்த ஓடு அது.

தங்கம் என்பது வெறும் கதை. வில்பத்துக் காட்டுக்குள் பொம்பரிப்பில் 1970இல் அகழ்ந்த தாழிகளில், அதாவது இறந்தவரை அடக்கிய பெரிய மண்பானைகளில், கிடைத்தவை எலும்பு, சிறு கலயம், இரும்பு, மணி போன்றவை. ஒரே தாழியில் ஒன்றுக்கு மேற்பட்டவரின் எலும்பும் இருந்தது. எது எதன்மேல் கிடந்தது என்ற ஒழுங்குதான் அங்கே பெறுமதி. நடுவில் குழி போட்டால் அது போயிற்று. மாரியில் குழிக்குள் தண்ணீர் நின்று மிச்சத்தையும் ஊறவைத்து உடைக்கும்.

கண்டால் தோண்டாதீர்கள், ஓட்டைக் கழுவாதீர்கள், கரியைக் கையால் தொடாதீர்கள். மேலே வளர்ந்த மரத்தைப் பிடுங்க வேண்டாம். வேரோடு கல்லும் பெயரும். அடிக்கோல் ஒன்றை வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். மிதிவெடிப் பலகை இருக்கும் பக்கம் படத்துக்காகக்கூடக் கால் வைக்க வேண்டாம். இடத்தின் பெயரை முகநூலில் போடாதீர்கள். புதையல்காரருக்கு அது போதும். கல்லுக்கு வெள்ளையடிப்பதும் சிமெந்து பூசுவதும் பாதுகாப்பு இல்லை. மேலே சூலம் நட்டாலும் விகாரை கட்டினாலும் கெடுதி ஒன்றுதான்.

“அறிவித்தால் காணி போய்விடும்” என்ற பயத்தில் இரவோடிரவாகக் கல்லைக் கிளப்புகிறவர்களும் உண்டு. தொல்பொருள் இடம் என்று சொல்லி விகாரை எழுந்த முல்லைத்தீவுக் குருந்தூர்மலைக்குப் பிறகு அந்தப் பயத்தைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கல்லை அழித்தால், அந்த மண்ணில் முன்னர் வாழ்ந்தவர் யார் என்று காட்டும் சான்றை நாமே அழிக்கிறோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியில் உள்ளதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்க வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். உரித்தாளர் ஆட்சேபிக்கவும் இடமுண்டு. வாய்ச்சொல்லாக விடாமல் ஜீ.எஸ். (கிராம அலுவலர்) ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். படங்களை இணைத்து, திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இன்னொரு பிரதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்குப் போகட்டும்.