98.3 கோடியும் 224 கோடியும் ஒரே கணக்கு அல்ல

டப்ளின் தேசியக் குழந்தைகள் மருத்துவமனை பற்றி "98.3 கோடி யூரோ கட்டடம் 224 கோடியானது, வித்தியாசம் முழுக்க ஒப்பந்தக்காரர் கொள்ளை" என்று சிலர் சொல்வது தவறு. 2017இல் அயர்லாந்து அரசு ஒப்புக்கொண்ட 98.3 கோடியில் மின்னணு நோயாளிப் பதிவேடும், மூன்று பழைய மருத்துவமனைகளை ஒன்றிணைக்கும் செலவும் இல்லை. 2024 பிப்ரவரியில் அறிவித்த 224 கோடியில் இவை போன்றவற்றுக்கு மட்டும் 36 கோடி. ஒப்பிடுவதானால் 98.3 கோடியை மீதி 188 கோடியோடு ஒப்பிடுங்கள். அதுவும் ஏறக்குறைய இரு மடங்கு, சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த உயர்வின் ஒரு பெரிய பங்கு எப்படி வந்தது? இரண்டு கட்ட டெண்டர். முழு வரைபடம் முடியுமுன், தோராய அளவுப் பட்டியலை வைத்து விலை கேட்டார்கள். முதல் கட்டத்தில் அடித்தளம் தோண்டிக்கொண்டிருக்கும்போதே விரிவான வடிவமைப்பும் நடந்தது. அது முடிந்து உண்மையான அளவுகள் வந்ததும், மேல்கட்டுமானத்துக்கான உச்சவரம்பு விலை எகிறியது. 2018 டிசம்பரில் மொத்தம் 143.3 கோடி. அந்த நேரத்தில் ஒப்பந்தக்காரர் ஏற்கனவே தளத்தில் இருக்கிறார். அவரை மாற்றினால் தாமதமும் வழக்கும்தான் மிஞ்சும். பேரம் பேச, மருத்துவமனையைக் கட்டும் பொறுப்பிலுள்ள மேம்பாட்டு வாரியத்திடம் பலமில்லை. குறை முதலில் கொள்முதல் திட்டத்தில், பிறகுதான் மற்றவர்கள்மேல்.

"கட்டி முடித்த மறுநாளே திறக்கலாம்" என்பதும் சரியல்ல. கட்டும் பொறுப்பு மேம்பாட்டு வாரியத்துக்கு, நடத்தும் பொறுப்பு வேறு அமைப்புக்கு. சாவி கைமாறிய பிறகு அறுவை அரங்கக் காற்றோட்டம், மருத்துவ வாயுக் குழாய், தண்ணீரில் கிருமி எனச் சோதனைகள், ஊழியர் பயிற்சி, கடைசியில் நோயாளிகளை மாற்றுவது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். குழந்தைகள் விஷயத்தில் இதைச் சுருக்கவே கூடாது.