12 மணி நேரக் கணக்கு சேலத்துக்குப் பொருந்தாது
ஏற்கெனவே புளித்த தாய்மாவைச் சேர்த்துச் செய்யும் சவர்டோ ரொட்டியின் மாவை ‘அறை வெப்பத்தில் 12 மணி நேரம்’ புளிக்கவிட வேண்டும் என்று அதன் செய்முறை பற்றி நான் படித்த கட்டுரை பொதுவாகச் சொல்வது, சித்திரை வெயிலில் 38 டிகிரியை எளிதாகத் தாண்டும் சேலத்துக்குச் சற்றும் பொருந்தாது. எங்கள் அஸ்தம்பட்டி வீட்டில் அந்த மாதங்களில் நான்கைந்து மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடுகிறது. அதற்கு மேலும் விட்டால், பெருகும் அமிலமும் நொதிகளும் மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்னும் புரதத்தைச் சிதைப்பதால் மாவு தளர்ந்து, ரொட்டி எழும்பாமல் தட்டையாகிவிடும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் வசிக்கும் என் அக்காவுக்கோ மார்கழியில் ஓர் இரவு முழுவதும் போதுவதில்லை (இட்லிக்கு மாவு அரைப்பவர்களுக்கு இது புதிய செய்தியன்று). ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல், மாவு எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். கோடையில் தாய்மாவைப் பாதியாகக் குறைத்து, குளிர்ந்த நீரில் பிசைந்து, ஓரளவு உப்பியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். முழுக்கோதுமை மாவு மைதாவைவிட விரைவாகப் புளிக்கும் என்பதையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம்.