ஆறு அங்குலத்தில் அடங்காத தமிழ்

புத்தகம் படிக்க எதை வாங்குவது என்று கேட்டால், கடையிலும் சரி, அலுவலகத்திலும் சரி, ஒரே பதில்: "டேப்லெட் வாங்குங்க, எல்லாம் பண்ணலாம்." எனக்கு எல்லாம் வேண்டாம். படிக்க வேண்டும், அவ்வளவுதான். பறக்கும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், நம்மூர் வெயிலில் டேப்லெட் திரையில் எழுத்தைவிட ஜன்னல் கம்பிதான் நன்றாகத் தெரிகிறது. நடுவில் வாட்ஸப் வேறு. புத்தகம் படிப்பதற்கென்றே செய்த கருவியான இ-ரீடரின் மின்மைத் (இ-இங்க்) திரையில் இந்தத் தொல்லை இல்லை. காகிதம் போலவே வெளிச்சம் கூடக் கூட எழுத்து தெளிவாகும். சார்ஜும் வாரக்கணக்கில் நிற்கும்.

சரி, அதையே வாங்கிவிடலாம் என்றால், தமிழ் வாசகருக்கு அங்கேதான் வயிற்றெரிச்சல். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ இணைய முயற்சி தட்டச்சு செய்து தரும் சங்க இலக்கியம் அதில் அருமையாகத் திறக்கிறது, எழுத்தையும் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். ஆனால் இணைய நூலகங்களில் கிடைக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப். அது வெறும் படம். இ-ரீடரின் ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பாகிவிடும். பெரிதாக்கினாலோ, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும், இழுக்கும்போதெல்லாம் திரை மினுக்கும். ஒரு பக்கம் முடிவதற்குள் படிக்கும் ஆசையே போய்விடுகிறது. பத்து அங்குல இ-ரீடரோ நல்ல டேப்லெட்டின் விலை.

ஸ்கேன் செய்த நூல்களை எழுத்தாக மாற்றி, மெய்ப்புப் பார்த்து வெளியிட்டால் பாதிச் சிக்கல் தீரும். அதுவரை இரண்டு கருவிகளையும் வாங்கிப் பையில் சுமக்கச் சொல்கிறார்களா?