"இனிமே நான் நிக்கல"

போன ஞாயிறு காலை டீக்கடையில் பேப்பரை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, "இனிமே நான் நிக்கல தம்பி" என்றார் கவுன்சிலர். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கடையில் இருந்த எங்கள் நாலு பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சட்டப்படி பார்த்தால் இப்போது கவுன்சிலர் அவர் இல்லை, அவர் வீட்டம்மா. 2022-இல் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் அந்த அம்மாதான் நின்று ஜெயித்தார். ஆனாலும் எங்கள் தெருவில் "கவுன்சிலர்" என்றால் இவர், "கவுன்சிலரம்மா" என்றால் அவர். பெயரும் வார்டு நம்பரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வேலூர்க்காரர்கள் யாராவது கண்டுபிடித்தாலும் கமெண்டில் எழுதாமல் இருந்தால் புண்ணியம்.

இதை எழுதக் காரணம் அவர் சொன்னது மட்டுமல்ல. எங்கள் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தம்பி, "முப்பது வருஷமா ஒரே குடும்பம், இந்த வார்டுக்கு விடிவுகாலமே இல்லையா?" என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே பதில் அடிக்க ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே எழுதிவிடலாம் என்று வந்துவிட்டேன்.

அவர் முதலில் நின்றது 1986-இல். எம்.ஜி.ஆர். ஆட்சியில் பல வருஷம் கழித்து நகராட்சித் தேர்தல் நடந்தது. இவருக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். சுயேச்சையாக நின்று தோற்றார். பதினோரு ஓட்டில் தோற்றதாக அவர் கணக்கு. "அந்தப் பதினோரு பேர் யார்னு எனக்குத் தெரியும்" என்று இன்றைக்கும் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்வதாக எனக்குத் தோன்றியதில்லை.

அந்த மன்றம் முடிந்த பிறகு 1996 வரைக்கும் தேர்தலே இல்லை. தோற்றவர் பொதுவாக வீட்டுக்குள் போய்விடுவார். இவர் அந்தப் பத்து வருஷமும் ரேஷன் கார்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார், முதியோர் பென்ஷனுக்குப் பாட்டிகளைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போனார், சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் பந்தலுக்குச் சொன்னார். நகர உள்ளாட்சிகளுக்கான 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, அதன்படி தமிழ்நாட்டில் முதல் தடவையாக 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது எதிரே நின்றவர்களுக்குக் கட்சி இருந்தது, கொடி இருந்தது. இவருக்குப் பாட்டிகள் இருந்தார்கள். ஜெயித்தார்.

அப்புறம் 2001, 2006, 2011. மூன்று தடவையும் ஜெயிப்பு, ஆனால் மூன்றும் ஒரே கட்சியில் இல்லை. நடுவில் 2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வேலூர் நகராட்சி மாநகராட்சியானது. நகராட்சி உறுப்பினராகத் தூங்கி மாமன்ற உறுப்பினராக எழுந்தார். தேர்தலில் நிற்காமலே வந்த பதவி உயர்வு என்று நாங்கள் கிண்டல் செய்வோம். லெட்டர் பேடு மட்டும் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. 2011-இல் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கமெல்லாம் சேர்ந்து அறுபது வார்டு ஆனபோது வார்டின் எல்லையும் மாறியது. இரண்டு தெரு போய் மூன்று தெரு வந்தது. வந்த மூன்று தெருவிலும் ஒரே மாதத்தில் வீட்டுக்கு வீடு பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு ஆகிவிட்டார்.

கட்சி மாறியது பற்றி நான் ஒரு தடவை நேராகவே கேட்டேன். "தண்ணி எந்தப் பைப்புல வருதோ அங்கதான குடத்தை வைக்கணும்" என்றார். பதில் சாமர்த்தியமாக இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. ஆளுங்கட்சி வார்டுக்குத்தான் ரோடு வரும் என்றால், அது அவர் தப்பு மட்டும் இல்லை என்பதும் தெரிகிறது. ஆனாலும் பிடிக்கவில்லை.

இவர் எப்படி ஜெயிக்கிறார் என்று பார்க்க வேண்டுமென்றால் அவர் வாக்காளர் பட்டியலைப் பார்க்க வேண்டும். 2011-இல் நான் அவருக்குப் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன், அப்போதுதான் பார்த்தேன். அச்சடித்த பட்டியலுக்குப் பக்கத்தில் பென்சிலால் குறி. சிலுவை போட்டால் இறந்துவிட்டார். வட்டம் போட்டால் பெங்களூரில் வேலை. 'மி' என்று இருந்தால் மிலிட்டரி, எங்கள் ஜில்லாவில் அதற்குப் பஞ்சமே கிடையாது. 'ஷூ' என்றால் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, அந்த வீட்டுக்குக் காலை எட்டு மணிக்குள் ஆள் போக வேண்டும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'கோ' என்று இருந்தது. என்னவென்று கேட்டேன். "கோவமா இருக்காங்க" என்றார். அந்த வீடுகளுக்கு மட்டும் அவரே போவார், கூட யாரையும் கூட்டிக்கொள்ள மாட்டார். வட்டம் போட்ட பெயர்களுக்காக ஓட்டுப்பதிவு அன்று காலையிலிருந்தே காட்பாடி ஜங்ஷன் வாசலில் இரண்டு ஆட்டோ நின்றன. பெங்களூர் வண்டியில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றி, பூத்தில் இறக்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டில் விட்டு, சாயங்காலம் மறுபடியும் ஸ்டேஷன். நான் பார்த்த தேர்தல் வேலையிலேயே சுத்தமான வேலை அதுதான். ஆட்டோ வாடகை தேர்தல் கமிஷன் கணக்கில் வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஓட்டு எண்ணிக்கையைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2021-இல் காட்பாடியில் துரைமுருகனே 746 ஓட்டில்தான் தப்பித்தார். 1971-இல் அதே தொகுதியில் ஜெயித்து சட்டமன்றத்துக்குப் போனவர் அவர். 2019-இல் பணம் பிடிபட்டதால் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்டில் தனியாக நடந்தது. அதில் அவர் மகன் கதிர் ஆனந்துக்குக் கிடைத்த வித்தியாசம் 8,141. அவ்வளவு பெரிய தொகுதிகளிலேயே இப்படி என்றால், வார்டில் ஒரு கூட்டுக் குடும்பம் கோபித்துக்கொண்டால் கதை முடிந்தது. அதனால்தான் அந்த 'கோ'.

இப்போது அந்தத் தம்பிக்கு நான் சொல்ல வந்த விஷயம். இவர் ஜெயித்ததற்குக் காரணம் கட்சி இல்லை, சாதி இல்லை, பணமும் முழுக் காரணம் இல்லை. ஆபீசில் வேலை நடக்காததுதான் காரணம். ஒரு சான்றிதழ் கொடுத்த தேதியில் கையில் கிடைத்தால், தண்ணீர் சொன்ன நாளில் வந்தால், எரியாத தெருவிளக்கை ஒரு போனில் மாற்றினால், கவுன்சிலர் வாசலில் காலை ஆறு மணிக்கு யாரும் நிற்க மாட்டார்கள். நிற்கவில்லை என்றால் இவருக்கு நாலு தேர்தல் இல்லை.

நானே சாட்சி. என் பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. அதைத் திருத்த ஒரு ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தேன். முதல் தடவை ஆள் இல்லை, இரண்டாவது தடவை சர்வர் இல்லை, மூன்றாவது தடவை என்னிடம் வேறு ஒரு பேப்பர் இல்லை. நாலாவது நாள் இவர் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். உள்ளே போய், "இன்னாப்பா, சாப்டியா?" என்று மட்டும்தான் கேட்டார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்றைக்கு நன்றியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் கடுப்பு வந்தது. மூன்று நாள் நான் கேட்டபோது இல்லாத சர்வர் இவர் கேட்டதும் எங்கிருந்து வந்தது? அடுத்த தேர்தலில் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். வேறு என்ன செய்ய?

தண்ணீரும் அப்படித்தான். தொண்ணூறுகளில் பத்து நாளைக்கு ஒரு முறை வரும், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு. பாலாற்றில் மணல்தான் இருந்தது. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள் இல்லையா, அதில் சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். தண்ணிதான் வர மறுத்தது. எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, யார் திறக்கிறார், அவர் வீடு எங்கே, அவர் மாமியார் ஊர் எது என்பது வரைக்கும் இவருக்குத் தெரியும். இந்த விவரத்தை ஆபீஸ் வாசலில் ஒரு போர்டில் எழுதி வைத்திருந்தால் போதும். எழுதாத வரைக்கும் அது அவருடைய சொத்து. சொத்தை யாராவது சும்மா விடுவார்களா?

அந்தக் கேலிப் பட்டியலில் 2016-க்குப் பிறகு இன்னொன்றையும் சேர்த்திருக்கலாம்: கவுன்சிலர் இல்லாத மாநகராட்சி. அந்த வருஷம் அக்டோபர் 3 வேட்புமனுவுக்குக் கடைசி நாள். இவரும் மனு கொடுத்துவிட்டு மாலையோடு வீட்டுக்கு வந்தார். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்துவிட்டது. மாலை வாடுவதற்குள் தேர்தல் போய்விட்டது. அதன் பிறகு 2022 வரைக்கும் அரசு நியமித்த தனி அலுவலர்தான். ஐந்து வருஷத்துக்கும் மேல் ஒரு ஊருக்குத் தேர்ந்தெடுத்த ஆள் ஒருத்தர்கூட இல்லை. வேறு எந்தப் பதவியாவது இப்படிக் காலியாக இருந்தால் விட்டிருப்போமா?

சின்ன விஷயம் ஒன்று சொல்கிறேன். ஆதாரில் முகவரி மாற்ற வேறு ஆவணம் இல்லாதவர்கள் கவுன்சிலரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போகலாம். வாடகை வீட்டில் இருக்கும் ஏழைகளுக்கு அதுதான் வழி. அந்த வருஷங்களில் கையெழுத்துப் போட ஆளே இல்லை. எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஒரு அக்கா எம்.எல்.ஏ. ஆபீசுக்கும் கெசட்டட் ஆபீசரைத் தேடியும் அலைந்ததை நான் பார்த்தேன். இவரும் கூட அலைந்தார். பதவி இல்லை, சீல் இல்லை, சம்பளம் எப்போதுமே இல்லை. (கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்று அரசு அறிவித்ததே 2023-இல்தான்.) ஆனால் காலை ஆறு மணிக் கூட்டம் மட்டும் அவர் வாசலில் குறையவே இல்லை. தனி அலுவலரின் வீடு யாருக்குத் தெரியும்?

அதனால் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி ஓட்டுப்பதிவு நடந்தபோது அவர் வீட்டம்மா ஜெயித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் மாறியிருந்தது. எங்கள் ஊரில் 37-வது வார்டில் கங்கா நாயக் என்ற திருநங்கை ஜெயித்து மாமன்றத்துக்குப் போனதும் அந்தத் தேர்தலில்தான். ஊரே அதைப் பேசியது. எங்கள் வார்டில் மட்டும் பழைய கதை, புதுப் போட்டோ. போஸ்டரில் அம்மாவின் படம் சின்னதாக, இவர் படம் பெரிதாக இருந்தது. எனக்கு அது உறுத்தியது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் கேட்பீர்கள். மாநகராட்சி வார்டுக்குச் செலவு வரம்பு 85,000 ரூபாய் என்று கமிஷன் சொன்னது. அதை ஒருவர் வாசித்துக் காட்டியபோது டீக்கடையே சிரித்தது. வீட்டு வாசலில் ஜல்லி கொட்டினால் யார் வந்து நிற்பார்கள் என்பது தமிழ்நாட்டில் வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். என் வீட்டில் இவர் பணம் கேட்கவில்லை. எல்லோரிடமும் கேட்கவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அம்மா பதவிக்கு வந்த அந்த வருஷம்தான் எங்கள் ஊர் இந்தியா முழுக்கப் பிரபலமானது. நிறுத்தி வைத்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்து சிமெண்ட் ரோடு போட்டார்களே, அது வேலூரில்தான். அடிபம்பை நடுவில் விட்டுக் கால்வாய் கட்டியதும் இங்கேதான். அந்த வீடியோ வந்த அன்று ராத்திரி கவுன்சிலரம்மா எங்கள் தெருவில் சிமெண்ட் போடும் இடத்துக்கு டார்ச்சோடு வந்து, வாசலில் நிற்கிற ஒவ்வொரு வண்டிக்காரரையும் பெயர் சொல்லி எழுப்பினார். இவர் பின்னால் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். முதல் முறையாக வேலை ஒருவரிடமும் போன் ஒருவரிடமும் இருந்ததைப் பார்த்தேன்.

2027 தொடக்கத்தில் இந்த மன்றத்தின் ஐந்து வருஷம் முடிகிறது. அதை மனதில் வைத்துத்தான் "நிக்கல" என்கிறார் என்று நினைத்துக்கொண்டு இவ்வளவையும் எழுதினேன். போடுவதற்கு முன்னால் ஒரு மரியாதைக்கு அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். 'கோ' வந்த இடத்தில் சிரித்தார். ஜல்லி வந்த இடத்தில் மேலே விசிறியைப் பார்த்தார். பெயர் இல்லை என்றதும் சரி என்றார்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒரு பையனின் ஆதார் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். இவர் பேனாவுக்குக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, சீலை ஊதி, அழுத்தி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நிக்கலன்னு அவர்தான் தம்பி சொன்னார். நான் எப்ப சொன்னேன்?"