ஆமாம், அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது நான்தான்

போன ஞாயிறு குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் ஓட்டோ அந்த வளைவில் கவிழ்ந்தபிறகு நம்ம சாட் குழுவில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். "அடிபட்டு வைத்தியசாலைக்கு வருகிற டிரைவரிடம் யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து குடியைப் பற்றிப் பேச வேண்டும்" என்று எழுதியது நான்தான். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "குடிகாரனுக்கு வக்கீல் வந்தாச்சு" என்று நாலு குழுக்களில் சுற்ற விட்டார்கள். சந்தோஷம். வக்கீல் ஃபீஸை யார் தருவது என்றும் பேசி முடித்துவிடுங்கள்.

தண்டம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பொலிஸ் பிடித்தால் குடியைக் காட்டுகிற பலூனை ஊதட்டும். 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் தாண்டினால் வழக்குப் போடட்டும், லைசனைப் பறிக்கட்டும். இலங்கையில் அதற்குத் தண்டம் குறைந்தது 25,000 ரூபாய். அதைக் கட்டுவது யார்? பல வீடுகளில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற மனைவிதான். எத்தனை நாட்கூலி சேர்த்த காசு! கட்டிவிட்டு வந்த அன்றே "மனசு சரியில்லை" என்று அந்த டிரைவர் எங்கே போவார் என்பதும் தெரியும். இவ்வளவு நடந்தும் ஒருவர்கூட அவரிடம் "எவ்வளவு குடிக்கிறீங்க, குடிச்சிட்டு எப்போ ஓட்டுறீங்க" என்று கேட்கவில்லை. அதைக் கேளுங்கள் என்றுதான் சொன்னேன்.

என் மாமாவும் ஓட்டோதான் ஓடுகிறார். சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு குடித்துவிட்டு ஓட்டி, ரோட்டோரக் கானுக்குள் போய்க் காலை முறித்துக்கொண்டார். வார்டில் அத்தை திட்டினார், நான் திட்டினேன், பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திட்டினார். மாமா போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் மிஸ் வந்து குடியைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்விகள் அவை. மொத்தம் 40 புள்ளி, 8 வந்தாலே கவனிக்க வேண்டும். மாமாவுக்கு 17. மிஸ் திட்டவில்லை. "குடிக்கிற நாளில் ஓட்டோவை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்றார். மாமா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "சாவியை வீட்டிலேயே வச்சிட்டுப் போறேன் மிஸ்" என்றார்.

குடியை விட்டாரா? இல்லை. ஆனால் அவர் குடிக்கிற நாளில் சாவி மாரியம்மன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

"ஒரு மாமாவை வைத்துச் சட்டம் பேசாதே" என்பீர்கள். சரி. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் காயத்தோடு வந்த குடிப்பவர்களிடம் ஒரே ஒரு தடவை பேசிப் பார்த்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், பேச்சுக் கிடைத்தவர்கள் மறுபடி காயப்பட்டு வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அடிபட்ட நேரம்தான் மனசு திறக்கிற நேரம். அந்த நேரத்தில் நாம் கட்டுப்போட்டு, திட்டி, வீட்டுக்கு அனுப்புகிறோம். காலையிலேயே கை நடுங்குகிறவருக்குப் பத்து நிமிடம் போதாது, அவருக்கு வைத்தியம் வேண்டும். அதையும் அந்தக் கேள்விகளே காட்டிக்கொடுக்கும்.

"தவறணையை மூடு", அதாவது சாராயக் கடையை மூடு, என்கிறவர்களுக்கு: பௌர்ணமிப் போயா தினத்தில் மூடித்தானே இருக்கிறது, போத்தல் முதல் நாளே வீட்டுக்கு வந்துவிடுகிறதே.

எனக்கு உண்மையில் வலித்தது வக்கீல் பட்டம் இல்லை. அதற்குக் கீழே ஒருவர் எழுதினார், "தோட்டத்து ஆட்களுக்குச் சொன்னா ஏறாது" என்று. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு ஏறி வருகிற கார்களில் எத்தனை போத்தல் உருளுகிறது தம்பி? ரம்பொடை வளைவில் அந்தக் கார்களுக்கு ஒதுங்கி நின்ற நமக்குத் தெரியாதா? அவர்கள் குடித்தால் ட்ரிப், நம்மவர் குடித்தால் சாதிக்குணம். அதையும் எழுதியது நம்ம தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்து, இப்போது கொழும்பில் இருக்கிற ஒரு பிள்ளை.

மாமாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்திருப்பார். நேற்றுக் கடையில் கண்டபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.